கண்வலிக்கிழங்கு: பாட்டில் நாற்றில் சத்து குறையுமா?

கேள்வி: மூலனூர் பக்கம் இரண்டு ஏக்கரில் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறேன். விதைக்கிழங்கு விலை கட்டுப்படியாகவில்லை. திசு வளர்ப்பு நாற்று தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். அதில் விளையும் விதையில் மருந்துச் சத்து இருக்காது என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். ஆய்வகத்திலேயே மருந்தை எடுத்துவிட்டால் நம் விதையை யார் வாங்குவார் என்றும் பயமுறுத்துகிறார். எதை நம்புவது?

பதில்: பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரண்டு விஷயங்களை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார். திசு வளர்ப்பு என்றால் செடியின் சிறு துண்டை ஆய்வகப் பாட்டிலில் வளர்ப்பது. அப்படிப் பாட்டிலில் செடியைப் பெருக்குவது வேறு. பாட்டிலில் வளரும் திசுவிலிருந்தே மருந்தை எடுப்பது வேறு.

வியாபாரி உங்கள் விதையை வாங்குவது அதிலுள்ள கால்ச்சிசினுக்காக. கவுட் எனும் மூட்டு நோய்க்குத் தரும் மருந்து அது. கிழங்கிலும் உண்டு, விதையில் கூடுதல். பாட்டிலில் கிடக்கும் வெளிறிய கேலஸ் (வேர், இலை என்று இன்னும் பிரியாத திசுக்கட்டி) கட்டியிலோ விரற்கடை உயர நாற்றிலோ அளந்தால் சொற்பமாகத்தான் தெரியும். அதை வைத்துச் சத்தில்லை என்பது, கன்றுக்குட்டியின் மடியைத் தடவிப் பார்த்துவிட்டுப் பால் வராது என்பது போல. அதே நாற்று தோட்டத்தில் வளர்ந்து காய் முற்றினால், தாய்ச்செடியின் தன்மைதான் வரும்.

ஆகவே தாய்ச்செடி எது என்பதுதான் முதல் கேள்வி. கண்வலிப் பூவில் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கி நிற்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். அதனால்தான் காலையில் ஆள் விட்டு மகரந்தம் தொட்டு வைக்கிறோம். இப்படிக் கலந்து உண்டான விதையை முளைக்க வைத்தால் செடிக்குச் செடி மாறும். பூக்கவே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். மொட்டு நுனியிலிருந்து பெருக்கிய நாற்று தாயின் நகல். கேலஸ் வழியாக வந்ததில் மாறுபாட்டுக்கு இடம் அதிகம். எந்த வழி என்று விற்பவரிடம் கேளுங்கள். தடுமாறினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எனக்குள்ள கவலை வேறு. 50 கிராம், 60 கிராம் கிழங்கை நட்டு அந்த வருடமே காய் பறித்துப் பழகியவர் நீங்கள். பாட்டில் நாற்றின் அடியில் இருப்பது சுண்டுவிரல் நகமளவு கிழங்கு. அது பருத்துப் பூக்கும் வரை களையெடுப்பு, பந்தல், தண்ணீர் எல்லாம் கைக்காசு. நோயில்லா நாற்று என்பார்கள்; ஆய்வகத்தை விட்டு வரும்போது உண்மைதான். உங்கள் மண்ணில் கிழங்கழுகல் பூஞ்சாணம் இருந்தால் அதற்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது.

இனி இரண்டாவது பயம். நித்தியகல்யாணியைப் பாருங்கள். அதன் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினைத் திசுவிலிருந்து எடுக்கப் பல காலம் முயன்றார்கள். அதற்கான மூலப்பொருளில் ஒன்று முழு இலையில்தான் சரியாக உருவாகிறது. கட்டித் திசு ஏமாற்றிவிடுகிறது. மறுபக்கம், யூ மரத்தின் டாக்சால் மருந்து இன்று தொட்டியில் வளரும் செல்களிலிருந்தும் வருகிறது. கண்வலியும் ஆய்வாளர்களின் கண்ணுக்குத் தப்பவில்லை. கால்ச்சிசின் உருவாகும் வழியை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இந்தச் செடியிலிருந்தே கண்டறிந்து, புகையிலை இனச் செடி ஒன்றில் அதன் முன்பொருளை உருவாக்கிக் காட்டியது 2020-ல். அது ஆய்வகச் சாதனை. உங்கள் விதை விலை ஏறி இறங்குவதற்கு அதன்மேல் பழி போட முடியாது.

இரண்டு ஏக்கரையும் மாற்றாதீர்கள். நூறு நாற்று வாங்கி, உங்கள் கிழங்குச் செடிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு வரிசை வையுங்கள். காய்க்க ஆரம்பித்ததும் இரண்டிலும் ஒரே முற்றலில் பறித்து, ஒரே மாதிரி உலர்த்தி, எச்.பி.எல்.சி. முறையில் (வேதிப்பொருட்களைப் பிரித்து அளக்கும் ஆய்வகச் சோதனை) கால்ச்சிசின் பாருங்கள். எங்கே பார்ப்பது என்று கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பயிர்கள் துறையில் விசாரியுங்கள். ஒன்று பச்சை, ஒன்று காய்ந்தது என்று கொடுத்தால் செலவழித்த காசு வீண். மாதிரிப் பைகளில் பெயர் எழுதி, சமையலறைக்கும் ஆட்டுப் பட்டிக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். மருந்தே ஆனாலும் அந்த விதை கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் உயிருக்கு ஆபத்து.