பிடிபி1பி பேண்ட் இருக்கு, ஆக்டிவிட்டி மட்டும் ஜீரோ

லைசிஸ் பஃபர்ல (செல்லை உடைக்கற கரைசல்) இருக்கற சோடியம் ஆர்த்தோவனடேட்டை முதல்ல எடுத்துடுங்க. ஐபி பண்ணின (ஆன்டிபாடி வச்சு புரோட்டீனைப் பிடிச்செடுத்த) பீட்ஸ்ல, டைரோசின்ல இருக்கற பாஸ்பேட்டை வெட்டற என்சைமான பிடிபி1பி-யோட பேண்ட் 50 கிலோடால்டன்கிட்ட பளிச்சுன்னு தெரியுது, ஆனா பாஸ்பேட்டை வெட்டினா மஞ்சளா மாறற டெஸ்ட் பொருளான பிஎன்பிபி போட்டா மஞ்ச கலரே வரலைன்னு கேட்டிருக்கீங்க, நீங்க போட்ட ரெசிப்பில 1 மில்லிமோலார் வனடேட் இருக்கு, அது பாஸ்பேட் மாதிரியே போய் ஆக்டிவ் சைட்ல உக்காந்துக்கும். பாஸ்போடைரோசின் (பாஸ்பேட் ஒட்டின டைரோசின்) பார்க்கற வெஸ்டர்ன் பிளாட்டுக்குத்தான் அது வேணும்.

இருக்கற பீட்ஸையே வனடேட் இல்லாத பஃபர்ல, ஈடிடிஏவும் (மெட்டலைப் பிடிச்சுக்கறது) ஃப்ரெஷ் டிடிடியும் (ஆக்சிடேஷனைத் தடுக்கறது) சேர்த்து மூணு நாலு தடவை கழுவிட்டு திரும்ப ஓட்டிப் பாருங்க. வனடேட் பிடி ரிவர்சிபிள், அதனால கலர் வந்துட்டா காரணம் பெரும்பாலும் அதான். ஈடிடிஏவுக்கு பயப்படாதீங்க, இந்த என்சைமுக்கு மெட்டல் தேவையில்ல. டிடிடியை மட்டும் விட்டுடாதீங்க ப்ளீஸ், பிடிபிஎன்1 ஜீன்ல இருந்து வர்ற இந்த புரோட்டீன்ல வேலையைச் செய்யறதே 215வது சிஸ்டீன்தான், அது ஆக்சிடைஸ் ஆயிடுச்சுன்னா பேண்ட் அப்படியே இருக்கும், ஆக்டிவிட்டி இருக்காது.

ஆனா ஒண்ணு, பிஎன்பிபியை மத்த பாஸ்பட்டேஸும் வெட்டும். கன்ட்ரோல் ஐஜிஜி பீட்ஸ் (பிடிபி1பி-யைப் பிடிக்காத சாதா ஆன்டிபாடி போட்டது) ஒரு செட் கூடவே ஓட்டி, அந்த 405 நானோமீட்டர் ரீடிங்கை கழிச்சுட்டு கணக்கு போடுங்க.