வாசகர் கேள்வி-பதில்: வைரஸ் காய்ச்சலும் எம்.எஸ். நோயும்

கேள்வி: என் மகளுக்கு 29 வயது. தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை செய்கிறாள். போன வருடம் ஒரு கண்ணில் பார்வை மங்கியது. பிறகு இடது கால் மரத்துப்போனது. ஈப்போ பொது மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ். – உடம்பின் நோயெதிர்ப்பு அணுக்கள் மூளை, தண்டுவட நரம்புகளின் உறையையே தாக்கும் நோய்) என்றார்கள். அது ஒரு வைரஸால் வருவது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதிலிருந்து, லயத்தில் சிலர் அவளுக்குத் தனிக் குவளை வைக்கிறார்கள். சின்ன வயதில் வந்த டிங்கிதான் காரணம் என்கிறார் என் மாமியார். போன மாதம் சளிக்காய்ச்சல் வந்தபோது கால் மறுபடியும் இழுத்துக்கொண்டது. காய்ச்சல் விட்டதும் சரியானது. நோய் முற்றுகிறதா? ஃப்ளூ ஊசி போடலாமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. நோய் உண்டானதில் வைரஸுக்கு இருந்த பங்கு ஒன்று. நோய் வந்த பிறகு ஒவ்வொரு காய்ச்சலும் உடம்பில் செய்யும் வேலை இன்னொன்று. முன்னதை இனி மாற்ற முடியாது. உங்கள் மகளின் அன்றாட நலம் பின்னதில்தான் இருக்கிறது. ஆயினும் குவளை விவகாரம் முன்னதைச் சேர்ந்ததால், அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்த செய்தி முழுப் பொய்யன்று. எப்ஸ்டீன்-பார் என்றொரு வைரஸ் இருக்கிறது, 1964இல் கண்டறியப்பட்டது, எச்சில் வழியாகப் பரவுவது. அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் இருபதாண்டுப் பதிவுகளையும் அவர்களிடம் எடுத்துச் சேமித்திருந்த ரத்த மாதிரிகளையும் ஆராய்ந்து, ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2022 ஜனவரியில் வெளியிட்ட முடிவின்படி, எம்.எஸ். கண்ட 801 பேரில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் நோய் தொடங்குவதற்கு முன்பே இந்த வைரஸ் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். தொற்றுக்குப் பின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது. எச்சில் வழியாகவும் பரவும் சைட்டோமெகலோ வைரஸிடம் இப்படிப்பட்ட தொடர்பு எதுவும் தென்படவில்லை என்பதுதான் இந்த ஆய்வுக்கு வலுச்சேர்க்கிறது. அதே மாதம் வந்த வேறோர் ஆய்வு, இந்த வைரஸின் ஒரு புரதமும் நம் மூளையில் உள்ள ஒரு புரதமும் சாயலில் ஒத்திருப்பதையும், வைரஸை எதிர்க்கப் பிறந்த எதிர்ப்பொருள் ஆள் மாறி நம் புரதத்தின் மீதே பாய்வதையும் காட்டியது.

ஆனால் உலகில் வயது வந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறார்கள். தனிக் குவளை வைப்பவர்களின் உடம்பிலும் அது அநேகமாக எப்போதோ குடியேறிவிட்டது! அவர்களுக்கெல்லாம் எம்.எஸ். வரவில்லை, ஏனெனில் பிறவியில் வந்த மரபணு வாகு, வைட்டமின் டி குறைவு, புகைப்பழக்கம், வைரஸ் தொற்றிய வயது ஆகியவையும் கூட வேண்டியிருக்கிறது. எம்.எஸ். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோய் அன்று. குவளையைப் பற்றிக் கேட்பவர்களிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

டிங்கி எம்.எஸ். நோயை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அபூர்வமாக அது நரம்பு மண்டலத்தில் வேறு வகை அழற்சியை ஏற்படுத்துவதுண்டு. அது வேறு கதை. ஆனால் கண்ணில் தொடங்கியது என்று எழுதியிருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா என்ற நோய், வெளித்தோற்றத்தில் எம்.எஸ். போலவே இருக்கும், நம் ஆசிய மக்களிடையே அதையும் மறந்துவிடக் கூடாது. எம்.எஸ். நோய்க்குத் தரும் சில மருந்துகள் அந்த நோயை மோசமாக்கும். அந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

இனி காய்ச்சலுக்கு வருவோம். போன மாதம் நடந்தது, நீங்கள் சொல்லும் அளவில், நோய் முற்றியதன் அடையாளமாகத் தெரியவில்லை. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை ஒருமுறை சிதைந்த இடத்தில், உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே செய்தி கடத்தப்படுவது தடைபடலாம். தோட்டத்தில் மண் கொட்டி நிரவிய பாதை, வெயில் காலத்தில் லாரியைத் தாங்கிவிட்டு, மழை பெய்ததும் பழைய பள்ளத்திலேயே உள்வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே புதிய பள்ளம் எதுவும் உண்டாகவில்லை. பழைய குறை இப்படித் தற்காலிகமாகத் தலைகாட்டுவதை ஊத்தோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890இலேயே கவனித்து எழுதினார். எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து இந்த நோயை உறுதிசெய்யும் வழக்கம்கூட இருந்தது.

அதற்காகக் காய்ச்சலை அலட்சியப்படுத்தவும் கூடாது. சளி, ஃப்ளூ போன்ற தொற்றுகளை ஒட்டிய சில வாரங்களில் உண்மையான தாக்குதல், அதாவது நரம்புறையில் புதிய சிதைவு, வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. வைரஸை எதிர்க்க விழித்துக்கொண்ட நோயெதிர்ப்பு அணுக்கள் பழைய பகையையும் சேர்த்துத் தீர்த்துக்கொள்கின்றன. ஆகவே, காய்ச்சல் முழுதும் விட்ட பிறகும் 24 மணி நேரத்துக்கு மேல் தளர்ச்சி நீடித்தாலோ, இதுவரை இல்லாத புதிய குறை தோன்றினாலோ மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே முதலில் சிறுநீரைப் பரிசோதிப்பார்கள்; எரிச்சலே இல்லாத சிறுநீர்த் தொற்றும் காலை இப்படித் தளர்த்திவிடும். தொற்று இருப்பதை அறியாமல், தாக்குதலைத் தணிக்கத் தரும் ஸ்டீராய்டு ஊசியை ஏற்றினால் பயனைவிடத் தீங்கே மிகுதி. “போன தடவை கொடுத்த ஊசியையே போடுங்கள்” என்று வற்புறுத்த வேண்டாம்.

வீட்டில் காய்ச்சலைத் தணிக்கப் பெனடோல், நிறையத் தண்ணீர், ஈரத்துணி, மின்விசிறி போதும். நம் ஊரில் எந்தக் காய்ச்சலும் டிங்கியாக இருக்கலாம் என்பதால், ரத்தப் பரிசோதனை முடியும்வரை ஆஸ்பிரின், ஐபூபுரோஃபென் வேண்டாம்.

ஃப்ளூ ஊசி போடலாம். போடுவது நல்லது என்றே சொல்வேன். அதில் உயிருள்ள வைரஸ் இல்லை. அது தாக்குதலைக் கூட்டுவதும் இல்லை. தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகளில் வலுக்குன்றிய உயிர் வைரஸ் இருப்பதால், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் அவற்றைப் போட்டுக்கொள்ளக் கூடாது. ரிட்டுக்சிமாப், ஒக்ரெலிசுமாப் போன்ற எம்.எஸ். மருந்துகள், எப்ஸ்டீன்-பார் வைரஸ் பதுங்கியிருக்கும் பி அணுக்கள் என்ற ஒருவகை நோயெதிர்ப்பு அணுக்களையே அகற்றி நோயைக் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் அவற்றைத் தொடங்கிய பிறகு தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. போட வேண்டியவற்றை முன்கூட்டியே போட்டுவிடுவது உத்தமம்.

கேள்வி: என் மனைவிக்கு எம்.எஸ். இருக்கிறது. பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கும் 16 வயது மகனுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்து, எப்ஸ்டீன்-பார் தொற்று என்கிறார்கள். அவனுக்கும் எம்.எஸ். வருமா?
– ஒரு தந்தை, கூலிம்

பதில்: பெரும்பாலும் வராது. பதின்ம வயதில் இந்தத் தொற்று காய்ச்சலோடு வந்தவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு கூடுகிறது என்பதும், பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருப்பதால் அது மேலும் சற்றுக் கூடுகிறது என்பதும் உண்மை. ஆனால் அடிப்படை வாய்ப்பே மிகச் சிறியது. இந்த வைரஸுக்கு இன்னும் தடுப்பூசி கிடைக்கவில்லை, சோதனைகள் நடக்கின்றன. அவன் கையில் சிகரெட் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொண்டை வீக்கத்துக்கென்று அமோக்சிசிலின் வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்தத் தொற்றில் அது உடம்பெங்கும் தடிப்பை வரவழைக்கலாம். மண்ணீரல் வீங்கியிருக்கலாம் என்பதால் குறைந்தது மூன்று வாரம் காற்பந்தாட்டம் கூடாது. அதன் பிறகும் மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகே திடலில் இறங்கட்டும்.