எட்ருஸ்கன் மொழியை நம்மால் வாசிக்க முடியும், ஆனால் புரியாது என்கிறார்களே, அது எப்படி?

எழுத்து வேறு, மொழி வேறு. அவ்வளவுதான் விஷயம். ரோம் வளர்வதற்கு முன்பே இத்தாலியில், இன்றைய டஸ்கனி பகுதியில் நகரங்கள் கட்டி வாழ்ந்தவர்கள் எட்ருஸ்கர்கள். தங்களை ‘ரசென்னா’ என்று சொல்லிக்கொண்டார்கள். எழுத்தைக் கிரேக்கர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதினார்கள், அதனால் உச்சரிப்பது சுலபம். மொழிதான் சிக்கல், ஏனென்றால் அது லத்தீனுக்கோ கிரேக்கத்துக்கோ உறவே இல்லை.

கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஆனால் முக்கால்வாசி கல்லறை வாசகங்கள்: இன்னார், இன்னாரின் மகன், இத்தனை வயதில் இறந்தார். இதை வைத்து ‘க்லன்’ என்றால் மகன், ‘புயா’ என்றால் மனைவி என்று கண்டுபிடிக்கலாம், தத்துவம் படிக்க முடியாது! 1964-ல் இத்தாலியக் கடற்கரையில் உள்ள பிர்கியில் மூன்று பொன் தகடுகள் கிடைத்தன, இரண்டில் எட்ருஸ்கன், ஒன்றில் நமக்குப் புரியும் பழைய மொழியான ஃபினீசியன். ஏறக்குறைய ஒரே செய்தி என்பதால் ‘கி’ என்றால் மூன்று என்பது உறுதியானது.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு லினன் துணிப் புத்தகம். யாரோ அதைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து எகிப்தில் ஒரு மம்மியைச் சுற்றியிருக்கிறார்கள், இருப்பதிலேயே நீளமான எட்ருஸ்கன் வாசகம் அதுதான், இப்போது குரோஷியாவின் சாக்ரப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கி.மு. 396-ல் வெயி என்ற எட்ருஸ்கன் நகரம் ரோமிடம் விழுந்தது, மற்றவை ஒவ்வொன்றாக. எட்ருஸ்கர்களைப் பற்றி ரோமப் பேரரசர் கிளாடியஸ் 20 தொகுதிகள் எழுதினார். ஒன்றுகூட மிஞ்சவில்லை.