டாக்ஸிக்குக் காசு கொடுத்தது யார்?

கேள்வி: டிரினிடாடிலிருந்து லண்டன் போன கறுப்பினப் பெண் ஆல்தியா மெக்னிஷ் 1957இல் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படிப்பை முடித்ததுமே, அங்கே துணிக்குப் பேர்போன லிபர்டி கடையின் தலைவர் துணி டிசைன்கள் கேட்டு வாங்கினாராம். அன்றே டாக்ஸியில் ஏற்றி இன்னொரு ஜவுளிக்காரரிடமும் அனுப்பினாராம். இது அதிர்ஷ்டமா, வெப்பமண்டல வெயில் தந்த வரமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: அந்த டாக்ஸிக்குக் காசு கொடுத்தது யார்? எங்கள் பத்திரிகையில் ஓவியரை ஆட்டோவில் அனுப்பினால் கணக்குப் பிரிவு ரசீது கேட்கும். எந்த ஆட்டோக்காரர் ரசீது தருகிறார்? ஒருமுறை ஓவியரையே ஆட்டோ படம் வரையச் சொல்லி வவுச்சரோடு இணைத்தேன். ‘மீட்டர் தெளிவாக இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆர்தர் ஸ்டூவர்ட்-லிபர்டிக்கு அந்தத் தொல்லை இல்லை, அவர்தான் சேர்மன். டாக்ஸி போய் நின்றது ஜிக்கா ஆஷரிடம். பாரிஸ் ஃபேஷன் நிறுவனமான டியோருக்குத் துணி கொடுத்தவர் அவர்.

அதிர்ஷ்டக் கேள்வியை ராசிபலன் பக்கத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த ஜோசியரும் நானும் பேசிக்கொள்வதில்லை, பதில் தாமதமாகலாம்.

சரி, வெயில். அதுதான் வரம் என்றால் கத்திரியில் நம்மில் பாதிப் பேர் டிசைனராகியிருக்க வேண்டும். 1959இல் மெக்னிஷ் வடிவமைத்த ‘கோல்டன் ஹார்வெஸ்ட்’ துணி இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் பார்த்த கோதுமை வயலில் பிறந்தது. ஊர்க் கரும்புத் தோட்டமும் அப்போது நினைவுக்கு வந்ததாம். ஹல் டிரேடர்ஸ் என்ற ஜவுளி நிறுவனம் அதை எழுபதுகள் வரை விற்றது. 1966இல் எலிசபெத் ராணி டிரினிடாட் போனபோது அவர் உடைகளுக்கும் மெக்னிஷ்தான் துணி வடிவமைத்தார். லண்டனிலிருந்து டிரினிடாடுக்கே வெயில் ஏற்றுமதி!

எனக்குப் பிடித்தது வேறு. அந்த அம்மாள் ஊரில் அரசு வேலையில் வரைபடம் வரைந்தவர். லண்டனில் அச்சுக் கல்லூரியிலும் படித்தவர். சல்லடைத் துணி வழியே மையைத் தள்ளி அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங் நெளிவுசுளிவு அத்தனையும் அத்துபடி. அச்சுக்காரர் ‘இது வராது’ என்றால் எப்படி வரும் என்று செய்து காட்டுவாராம். வயிறு எரிகிறது. அட்டைக்கு மாம்பழ மஞ்சள் கேட்கும்போதெல்லாம் எங்கள் பிரஸ்ஸில் ‘வராது சார்’ என்பார்கள். மையைப் பற்றி எனக்கு ஒரு எழவும் தெரியாது, தலையாட்டிவிட்டு வருவேன். போன தீபாவளி மலர் அட்டையில் இருப்பது செங்கல் சூளையா என்று ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். மாம்பழக் கூடை, ஐயா.