டிரையர் 41-ஆம் பக்கத்தில் இருக்கிறது

வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஆலையில் அலுவலக வேலை பார்க்கிறேன். சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் ஆலை. வேலைமுறைகளை எல்லாம் தொகுத்து 62 பக்கக் கையேடு ஒன்று வைத்திருக்கிறோம். தணிக்கைக்கு வருபவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள், ஆலைக்குள் ஒருவரும் திறப்பதில்லை. இரவு ஷிப்டில் டிரையரில் (இலையைக் காயவைக்கும் இயந்திரம்) ஒரு சந்தேகம் என்றால், தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கரைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறார்கள். இதை அழகாக, எல்லோருக்கும் புரிகிற மாதிரி மாற்றச் சொல்லி முதலாளி என்னிடம் கொடுத்திருக்கிறார். டிரையர் பக்கத்தையும், கொழுந்து கொண்டுவருபவர்களுக்கான அறிவிப்பையும் இணைத்திருக்கிறேன். தனித்தமிழில் எழுதுவதா, ஆலையில் புழங்கும் சொல்லிலா? அட்டவணையாகப் போட்டால் எளிதாகிவிடுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கையேடு மூன்று பேருக்காக ஒரே நேரத்தில் எழுதப்பட்டிருக்கிறது: தணிக்கையாளர், ஆலைக்குள் நிற்பவர், கொழுந்து மூட்டையோடு ஷெட்டில் காத்திருப்பவர். தணிக்கையாளருக்கு எல்லாமே இருக்கிறதா என்று தெரிய வேண்டும். டிரையர் முன்னால் நிற்பவருக்கு அந்த நிமிடம் வேண்டிய ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கம் 41-ஆவதாக, அதுவும் அலுவலக பீரோவுக்குள் இருந்தால் அவர் போனைத்தான் எடுப்பார். கையேட்டை உடைத்துவிடுங்கள். முழுத் தொகுப்பு அலுவலகத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரே ஒரு பக்கம், அந்த இயந்திரத்தின் அருகிலேயே.

எந்தப் பக்கத்தை முதலில் எழுதுவது என்பதை நீங்கள் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் மேசைமேல் ஒரு நோட்டு வையுங்கள். யார், எத்தனை மணிக்கு, என்ன கேட்டார் என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே குறியுங்கள். டீ மேக்கரும் தனக்கு வரும் போன்களைக் குறிக்கட்டும். 'கரண்ட் போயிடுச்சு, டிரையர்ல உள்ள தூளை என்ன பண்றது?' என்று கேட்டிருந்தால், 'கரண்ட் போனால்' என்பதே தலைப்பு. உங்கள் கையேட்டில் இதே விஷயம் 'அவசரகால மின்தடை மேலாண்மை' என்ற தலைப்பில் இருக்கிறது. அந்தப் பெயரில் அதை யாரும் தேட மாட்டார்கள்.

இனி நீங்கள் அனுப்பிய டிரையர் பத்தி:

'உலர்த்தியின் வெப்பநிலை உரிய அளவை எட்டியுள்ளது உறுதிசெய்யப்பட்டு, அதன்பின் இலை சீராக ஊட்டப்பட வேண்டும். முன்னதாகத் தட்டுகளில் பழைய தூள் தங்கியிருக்கவில்லை என்பது கவனிக்கப்பட வேண்டும்.'

'முன்னதாக' என்ற சொல்லைப் பாருங்கள். முதலில் செய்ய வேண்டிய வேலை கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. வரிசையாகப் படித்து வரிசையாகச் செய்கிறவர் இலையை விட்டபிறகுதான் பழைய தூளைப் பற்றிப் படிப்பார். 'உரிய அளவு' என்பதும் அளவே இல்லை. எண் வேண்டும். அந்த எண்ணை உங்கள் டீ மேக்கர்தான் தர வேண்டும். இலையைத் தட்டுகளில் நகர்த்தும் பழைய சங்கிலித் தட்டு டிரையருக்கும், சூடான காற்றில் இலையை மிதக்கவிடும் ஃப்ளூயிட் பெட் டிரையருக்கும் உள்காற்றுச் சூடு (உள்ளே செலுத்தும் காற்றின் சூடு) ஒன்றல்ல, இரண்டும் இருந்தால் இரண்டு பக்கம் எழுதுங்கள். மூன்றாவது, 'உறுதிசெய்யப்பட்டு', 'கவனிக்கப்பட' என்றால் யார்? தமிழில் எழுவாயை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும். அந்த வசதியில்தான் பொறுப்பும் காணாமல் போகிறது. யார் செய்வது என்பதைப் பக்கத்தின் தலையில் ஒருமுறை எழுதினால் போதும்.

இப்படி மாற்றலாம்:

டிரையரில் இலை விடும் முன்
செய்பவர்: டிரையர் ஆள்
1. தட்டில் பழைய தூள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள்.
2. உள்காற்றுச் சூடு ___ டிகிரிக்கு வரும்வரை காத்திருங்கள்.
3. இலையை விடுங்கள். கனம் ஒரே மாதிரி பரவ வேண்டும்.
4. சூடு ___ டிகிரிக்குக் கீழே இறங்கினால் இலை விடுவதை நிறுத்தி டீ மேக்கரைக் கூப்பிடுங்கள்.

எண்களை மற்ற எழுத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாகப் போடுங்கள். படுகர்களின் மொழியான படுகு பேசுகிறவர்களும் படிப்பது தமிழில்தான். ஜார்கண்டிலிருந்து வந்தவர் ஷிப்டில் இருந்தால் தமிழ் வரி அவருக்கு உதவாது, எண்களும், சூடு காட்டும் டயலின் படமும் உதவும்.

கீழே காரணத்தை அரை வரியில் சேருங்கள். சூடு குறைந்தால் இலை காயாமல் வேகும், தேநீர் சப்பென்று போகும். சூடு மீறினால் வெளிப்புறம் காய்ந்து இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும், தூள் மூட்டையில் கெடும். காரணம் தெரிந்தவர் குறுக்கு வழியில் போக யோசிப்பார். ஆனால் அதைப் படிகளுக்கு நடுவே நுழைக்காதீர்கள், கை வேலையில் இருக்கும்போது கண் வரிசையைத் தவறவிடும்.

எச்சரிக்கைகளில் தமிழுக்கே உரிய ஒரு ஆபத்து இருக்கிறது. நம் வாக்கியத்தில் 'கூடாது' கடைசியில்தான் வரும். உங்கள் 43-ஆம் பக்கம்: 'விசிறி ஓடும்போது பக்கவாட்டுக் கதவைத் திறந்து படிந்த தூளைத் தூரிகையால் அகற்றும் பணியை மேற்கொள்ளுதல் கூடாது.' கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டால் இது ஒரு செயல்முறை விளக்கம்! அவசரத்தில் பார்ப்பவர் 'கதவைத் திறந்து, தூளை அகற்றும்' என்பதோடு போய்விடுவார். தடை வாக்கியம் நான்கைந்து சொல்லுக்குள் முடியட்டும்: 'விசிறி ஓடும்போது கதவைத் திறக்காதீர்கள்.' எப்போது திறக்கலாம் என்பது அடுத்த வரி.

சொற்களைப் பற்றி: ஆலையில் என்ன சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள். டிரையர், ட்ரஃப் (இலையை வாடவைக்கும் தொட்டி), ரோலர் (இலையை உருட்டும் இயந்திரம்), டீ மேக்கர். உங்கள் பக்கங்களில் உலர்த்தி, டிரையர், காயவைக்கும் இயந்திரம் என்று மூன்று பெயர்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு அவை மூன்று இயந்திரங்கள். பள்ளிக்கூடக் கட்டுரையில் ஒரே சொல் திரும்ப வந்தால் குறை என்பார்கள், இங்கே திரும்ப வருவதுதான் சரி. தனித்தமிழ்மேல் உங்களுக்கு ஆசை இருந்தால் அலுவலகத் தொகுப்பில் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கொழுந்து அறிவிப்பு 'பொருள்', 'பார்வை' என்று அரசாணைபோல ஆரம்பிக்கிறது. தேயிலை வாரியம் அந்த மாதத்துக்கு அறிவித்த விலையைத் தேடித்தான் விவசாயி சுவரைப் பார்க்கிறார். நீங்கள் அதை நான்காம் பத்தியில் வைத்திருக்கிறீர்கள். மாதமும் கிலோ விலையும் முதல் வரியில், பெரிய எழுத்தில் வரட்டும். இரண்டாவது, பணம் எந்தத் தேதி. மூன்றாவது, எத்தனை மணிவரை கொழுந்து எடுப்பீர்கள். ஈரக் கழிவை (இலையில் உள்ள ஈரத்துக்காக எடையில் கழிப்பது) விதியாக எழுதாமல் கணக்காகவே போட்டுக் காட்டுங்கள். எண்கள் உதாரணத்துக்கு:

கொண்டுவந்தது 48 கிலோ
ஈரக் கழிவு 5% = 2.4 கிலோ
கணக்கில் வருவது 45.6 கிலோ
கிலோ 20 ரூபாய் வீதம் = 912 ரூபாய்

எடைமேடை அருகே நடக்கும் வாக்குவாதத்தில் பாதி, 5% எதிலிருந்து போகிறது என்று தெரியாததால் வருவது.

அட்டவணை எல்லாவற்றையும் எளிதாக்காது. இரண்டு மூன்று விஷயங்களை ஒப்பிட வேண்டிய இடத்தில்தான் அது உதவும்: எந்த இயந்திரத்துக்கு எந்தக் கிரீஸ், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதுபோல. செய்முறைப் படிகளைக் கட்டங்களுக்குள் அடைக்காதீர்கள். நம் சொற்கள் விகுதி சேரச் சேர நீள்பவை. குறுகிய கட்டத்தில் 'பராமரிக்கப்பட்டவற்றின்' மூன்று துண்டாக உடையும். ஏ4 தாளை நிமிர்த்தி வைத்தால் நான்கு நெடுவரிசைக்குமேல் வேண்டாம். அளவுப் பெயரை (கிலோ, டிகிரி) தலைப்பில் ஒருமுறை போட்டுவிட்டு எண்களை வலப்புறம் ஒட்டி அடுக்குங்கள்.

அச்சு விஷயம் சுருக்கமாக. அடிக்கோடு போடாதீர்கள், 'கு', 'மூ' போன்றவற்றின் கீழ்ப்பகுதியை அது வெட்டும். முழுப் பக்கத்தையும் தடித்த எழுத்தில் போட்டால் ஜெராக்ஸில் ண, ஞ சுழிகள் அடைந்து ஒரே மையாகும். வரி இடைவெளி ஒன்றரை. இங்க்ஜெட்டில் எடுத்த தாள் ஐப்பசி மழையின் ஈரத்தில் கசியும், லேசர் அச்சு தாங்கும். லேமினேஷன் பளபளப்பாக இருந்தால் டியூப்லைட் வெளிச்சம் பட்டு நடுப்பகுதி தெரியாது, மங்கலான தாளாகக் கேளுங்கள். கையேடு பாமினி என்ற பழைய வகைத் தமிழ் எழுத்துருவில் இருப்பதாகத் தெரிகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது குப்பையாகத் திறக்கும், தமிழில் தேடவும் முடியாது. திருத்த ஆரம்பிக்கும் முன்பே, இன்றைய கணினிகள் எல்லாம் படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியபின் எண்களையும் ர, ா குழப்பங்களையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதி, சந்தேகத்துக்கு யாரைக் கேட்பது, இரண்டும் இருக்கட்டும். புதியதை ஒட்டும் கையோடு பழையதைக் கிழித்துவிடுங்கள். ஒரே சுவரில் இரண்டு தாள், இரண்டு எண் என்றால், அதற்கு ஒன்றுமே ஒட்டாமல் இருந்திருக்கலாம்.

ஒட்டும் முன் ஒரு சோதனை. வேலைக்குப் புதிதாக வந்த மூன்று பேரிடம் தனித்தனியாகப் பக்கத்தைக் கொடுத்து, 'சூடு இறங்கினால் என்ன செய்வீங்க, காட்டுங்க' என்று கேளுங்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். விரல் எந்த வரியில் தயங்குகிறதோ அந்த வரியைத் திருத்துங்கள். 'புரிஞ்சுதா?' என்று மட்டும் கேட்க வேண்டாம், 'புரிஞ்சுது சார்' என்பதைத் தவிர வேறு பதில் வராது.

முதலாளியின் ஒன்றரைப் பக்க வாழ்த்துரையை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தச் சங்கடம் கடிதத்தில் தெரிகிறது. அலுவலகத் தொகுப்பின் முதல் பக்கத்திலேயே புகைப்படத்தோடு இருக்கட்டும். டிரையர் பக்கத்துக்கு மட்டும் வர வேண்டாம்.