எட்டில் ஒன்று ஏன் பெரிதாகத் தெரிகிறது?

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது, தரம் 4. 1/4, 1/8 இரண்டில் எது பெரிது என்று கேட்டால் எப்போதும் 1/8 என்கிறாள். ரொட்டியை வெட்டியும் காட்டிவிட்டேன். "விளங்குது அம்மா" என்றாள், அடுத்த நாள் திரும்பவும் 1/8. கவனக்குறைவா, வேறு ஏதும் பிரச்சினையா?
- ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். எண்ணப் பழகிய நாளிலிருந்து அவள் கையில் ஒரு விதி இருக்கிறது: 4ஐ விட 8 பெரிது. இதுவரை ஒருமுறைகூட அது பிழைத்ததில்லை. 1/8 வந்ததும் அதே விதியைத்தான் போடுகிறாள். பிள்ளைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜே (1896–1980) கண்டதும் இதுதான். புதிதாக வருவதைப் பிள்ளை முதலில் தனக்குத் தெரிந்த அச்சுக்குள் திணித்துப் பார்க்கும். அது அடங்கவில்லை என்று தானே கண்ட பிறகுதான் அச்சை மாற்றும். ரொட்டியை வெட்டியதும் நீங்கள், விடையைச் சொன்னதும் நீங்கள். அவளுடைய விதி எங்கும் முட்டவே இல்லை. போதாததற்கு, இரண்டு ரொட்டி ஒரே அளவில் வராது, வட்டத்தை எட்டாக வெட்டினால் துண்டுகளும் சமமாக இராது.

கடதாசிக்கு மாறுங்கள். ஏ4 தாளின் நீளப் பக்கத்தில் 24 சென்ரிமீற்றர் அளந்து, 3 சென்ரிமீற்றர் அகலத்தில் கீலங்கள் வெட்டினால் ஒரு தாளில் ஏழு வரும். 24 ஏனென்றால் அரை 12, கால் 6, எட்டில் ஒன்று 3, மூன்றில் ஒன்று 8 என்று எல்லாமே முழு எண்ணில் வந்துவிடும். ஒரு கீலத்தை மடிக்காமல் வையுங்கள், அதுதான் 'முழுசு'. அடுத்ததை ஒரு தடவை, மற்றதை இரண்டு தடவை, இன்னொன்றை மூன்று தடவை மடிக்க வேண்டும். மடிப்பது அவள் கைதான். மூன்றாவது மடிப்புக்கு முன் நிறுத்தி, "இப்ப துண்டு பெரிசாகுமா, சின்னனாகுமா?" என்று கேளுங்கள். அவள் சொன்ன விடையை, பிழையென்றாலும், கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பிறகு விரித்து, அடிமட்டத்தால் அளக்கட்டும். எழுதியதும் அளந்ததும் ஒத்துவராத அந்த நேரத்தில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. பெற்றோருக்கு இதுதான் கஷ்டம். அரை நிமிடம் பொறுங்கள், அவளே ஏதாவது சொல்வாள்.

அடுத்த நாள் அதே கீலங்களை அடுக்கி வரையட்டும், அதன் பிறகு எண்ணில் எழுதட்டும். செய்கை, படம், குறியீடு என்ற இந்த வரிசை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் வகுத்தது. படத்தைத் தாண்டி எண்ணுக்குப் பாய்வதில்தான் பெரும்பாலான வீடுகளில் சறுக்குகிறது.

ஒரு வாரத்தில் 1/4ஐப் பெரிது என்பாள். சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். பழைய விதியைத் தலைகீழாக்கி, "கீழே பெரிய எண் வந்தால் சின்னது" என்று புதிதாக ஒன்றைப் பிடித்திருக்கக்கூடும். சோதிக்க 3/8, 1/4 இரண்டையும் கொடுங்கள். கீலத்தில் முதலாவது 9 சென்ரிமீற்றர், இரண்டாவது 6. பிறகு 7/8, 3/4. அது 21, இது 18. குறுக்குப் பெருக்கலை இப்போதைக்குக் காட்டவே வேண்டாம். விடை சரியாக வரும், அளவு மனதில் நிற்காது.

வாசிக்கும் விதத்தையும் கவனியுங்கள். "ஒன் பை எயிற்" என்றால் ஒன்றும் எட்டும் மட்டுமே காதில் விழுகின்றன. "எட்டில் ஒன்று" என்னும்போது எட்டாகப் பிரித்ததும் அதில் ஒன்றை எடுத்ததும் சேர்ந்தே கேட்கின்றன. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், மூன்றில் குளித்துவிட்டால் ஏழில் மூன்று முடிந்தது. கொரிய மொழியிலும் பின்னத்தின் பெயர் இப்படித்தான் அமையும். 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு கொரிய, குரோவேசிய, அமெரிக்கப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, பின்னத்தைச் சரியான படத்தோடு பொருத்துவதில் கொரியப் பிள்ளைகள் முன்னே நின்றார்கள். எங்கள் பழைய கணக்கில் 1/8க்கு 'அரைக்கால்' என்றே பெயர், அதாவது காலில் அரை. கடையில் கால் கிலோ சீனி வாங்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்த ஒரு சொல்லே பாதிப் பாடம்.

இரண்டாம் வாரம் 24 சென்ரிமீற்றரில் ஒரு கோடு. இடது முனை 0, வலது முனை 1. நிலாவெளி பஸ்ஸை நினைத்துக்கொள்ளச் சொல்லலாம்: ரவுன் 0, நிலாவெளி 1 என்றால் உங்கள் உப்புவெளி அரைக்கு முன்னமே வந்துவிடும். 3/4 எங்கே, 1/8 எங்கே என்று அவளே புள்ளி வைக்கட்டும். பின்னமும் கோட்டில் ஓர் இடமுள்ள எண்தான் என்பது வட்டப் படத்தில் தெரியாது.

"விளங்குது" என்பதை நம்பாதீர்கள். கீலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்கும் விளங்கும். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து நான்கு கேள்வி, ஒரு வாரம் கழித்து நான்கு. தடுமாறினால் மட்டும் கீலத்தை எடுங்கள். திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே ஒரு வாரத்துக்குப் பின் அதிகம் தங்குகிறது என்பதை ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் காட்டினார்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். ரியூசன் முடிந்து களைத்து வந்த கையோடு வேண்டாம்.

வேறு பிரச்சினையா என்று கேட்டீர்கள். ஆறு ஆறு நாணயமாக இரண்டு வரிசை வையுங்கள். அவள் கண்முன்னே ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பி, "இப்ப எதில கூட?" என்று கேளுங்கள். ஏழு வயதளவில் பெரும்பாலான பிள்ளைகள் "ரெண்டும் ஒண்டுதான்" என்பார்கள். 38, 83 இல் எது பெரிது என்றும் கேட்டுப் பாருங்கள். இவற்றிலும் தடுமாறினால் பின்னத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த விடைகளை அப்படியே எழுதி எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள்.