வாசகர் கேள்வி: கட்சிப் பணமும் கட்சிக் கடனும்

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் அண்மையில் வந்த கடிதங்களில் பல, கட்சிகளின் பணத்தைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறோம். கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். ஊரைப் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரிலேயே எழுதியவர்களின் முகவரியை அப்படியே விட்டிருக்கிறோம்.

கேள்வி: கட்சி உறுப்பினர் சந்தாவில்தான் நடக்கிறது என்று மேடையில் சொல்கிறார்கள். எங்கள் கிளையில் வசூலாகும் சந்தா, கூட்டத்துத் தேநீருக்கே போதுவதில்லை. தேர்தல் வந்தால் சாலை முழுவதும் கட்டப்படும் கொடிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?
— ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: உறுப்பினர் பட்டியலை நடப்பில் வைத்திருக்கத்தான் சந்தா பயன்படுகிறது, அதைக் கொண்டு தேர்தல் நடத்த முடியாது. கட்சித் தேர்தல் நெருங்கும்போது ஒருவரே பலருக்கும் சேர்த்துச் சந்தா கட்டிவிடும் பழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பணத்தைத் தொண்டர் தந்த பணம் என்று சொல்வதும் சரியன்று.

உண்மையான வரவு வேறு வழிகளில் வருகிறது. முதலாவது, விருந்து. மண்டபத்தில் மேசை மேசையாக இடம் விற்கப்படும். சாப்பிட வருபவர் ஒருவர், மேசைக்குப் பணம் கட்டியவர் வேறொருவர் என்பது அங்கே சாதாரணம். இரண்டாவது, தொழிலதிபர்களும் குத்தகையாளர்களும் நேராகத் தருவது. மூன்றாவது, மக்கள் பிரதிநிதிகளின் மாதப் படியிலிருந்து கட்சிக்குச் செல்லும் பங்கு. ஜசெக (ஜனநாயகச் செயல் கட்சி) இதை நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வருகிறது. நான்காவது, கட்சியின் சொந்தத் தொழில்கள். ஸ்டார் ஆங்கில நாளேட்டை நடத்தும் நிறுவனத்தின் மிகப் பெரிய பங்குதாரர் மசீச (மலேசிய சீனர் சங்கம்) என்பது பலருக்குத் தெரிந்த செய்தி. ஆட்சியில் உள்ள கட்சிக்கும் எதிரணியில் உள்ள கட்சிக்கும் இடையில் மிகப் பெரிய வித்தியாசம் காட்டுவது இரண்டாவது வழியில்தான். செராமா என்னும் பிரசாரக் கூட்டம் முடிந்தபின் தகர டின்னை ஏந்திக் கூட்டத்தினரிடையே வரும் கட்சிக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருந்தது என்று பொருள்.

கேள்வி: கோயில் நிர்வாகத்தில் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) வரவுக்கும் ரசீது கேட்கிறார்கள். கட்சிகள் தாங்கள் வாங்கும் நன்கொடையை யாரிடம் காட்டுகின்றன? தனிச் சட்டம் இருக்கிறதா?
— செம்பனை ஆலைக் கிராணி, புக்கிட் ரோத்தான்

பதில்: கோயில் நிர்வாகமும் கட்சியும் நம் நாட்டில் ஒரே சட்டத்தின்கீழ் பதிவாகக்கூடியவை என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி, அரசியல் கட்சியும் சங்கங்களின் பதிவிலாகாவில் பதிவு செய்யப்பட்ட ஒரு சங்கமே. அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்கைப் பதிவிலாகாவுக்கு அனுப்பச் சொல்கிறது. வெளிநாட்டவரிடமிருந்தோ வெளிநாட்டு அரசாங்கத்திடமிருந்தோ பெற்ற பணத்தையும் பொருளையும் அதில் குறிப்பிட வேண்டும். கடமை அவ்வளவில் முடிந்துவிடுகிறது. யார் எவ்வளவு கொடுத்தார் என்று பெயர்வாரியாகப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நன்கொடைக்கு உச்சவரம்பும் இல்லை. இதை எழுதும் நேரத்தில், அரசியல் நிதிக்கென்று தனிச் சட்டமும் நடப்புக்கு வரவில்லை.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை 2015ஆம் ஆண்டு ஜூலையில் நாடே கண்டது. அப்போதைய பிரதமர் நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்கில் ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டாலர், அதாவது 2.6 பில்லியன் வெள்ளி, போடப்பட்டிருந்ததாகச் செய்தி வெளியானது. அது நன்கொடை என்று விளக்கம் தரப்பட்டது, அதில் 2.08 பில்லியன் வெள்ளி சவூதி அரச குடும்பத்தின் அன்பளிப்பு என்று 2016 ஜனவரியில் சட்டத்துறைத் தலைவர் அறிவித்தார். அரபு நன்கொடை என்ற விளக்கத்தை எஸ்ஆர்சி என்ற அரசு நிறுவனத்தின் பணம் தொடர்பாக நஜிப்மீது நடந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2020 ஜூலையில் ஏற்க மறுத்தது. நம் கேள்விக்கு வேண்டியது தீர்ப்புக்கு முந்திய நிலைதான். கட்சிக்காக ஒரு தலைவர் தன் பெயரிலேயே பணம் வாங்கலாமா, வாங்கினால் யாரிடம் அறிவிக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்ற எதற்கும் அரசியல் நிதிச் சட்டம் எதுவும் பதில் வைத்திருக்கவில்லை. அவ்விவகாரத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட தேசிய ஆலோசனைக் குழு, தனிச் சட்டமும் தனிக் கண்காணிப்பாளரும் வேண்டும் என்பது உட்பட 32 பரிந்துரைகளை 2016இல் அளித்தது. பரிந்துரைகள் தாளிலேயே தங்கின.

ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் நிலைமை வேறு. சிங்கப்பூரில் ஒரு கட்சி, பெயர் தெரியாதவர்களிடமிருந்து ஓராண்டில் மொத்தமாக 5,000 சிங்கப்பூர் டாலரோ அதற்கு மேலோ வாங்க முடியாது. 10,000 டாலரும் அதற்கு மேலும் தந்தவர்களைப் பெயருடன் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் 2018இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டம், வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுப்பவரின் பெயரை மறைத்தது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று அதை ரத்து செய்து, விவரங்களை வெளியிடச் சொன்னது. வெளியிட்ட பிறகுதான், கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமொன்று 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்ததும், அதில் பெரும்பங்கு எந்தெந்தக் கட்சிக்குப் போனது என்பதும் தெரிந்தன. சட்டம் இருப்பது மட்டும் போதாது. பெயர் வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: 2007ஆம் ஆண்டு ஈஜோக் இடைத்தேர்தலின்போது எங்கள் பக்கம் சாலைக்கெல்லாம் தார் ஊற்றினார்கள். அந்தச் செலவு எந்த வேட்பாளர் கணக்கில் சேர்ந்தது?
— தோட்ட ஓட்டுநர், பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: எந்த வேட்பாளர் கணக்கிலும் சேராது. 1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றங்கள் சட்டத்திலுள்ள செலவு வரம்பு வேட்பாளரையும் அவருடைய தேர்தல் முகவரையும் மட்டுமே கட்டுப்படுத்துகிறது. 2022 பொதுத்தேர்தலில் நடப்பில் இருந்த வரம்பு நாடாளுமன்றத் தொகுதிக்கு 200,000 வெள்ளி, சட்டமன்றத் தொகுதிக்கு 100,000 வெள்ளி. கட்சி தன் பெயரில் செய்யும் பொதுப் பிரசாரத்துக்கு அத்தகைய வரம்பு கிடையாது. அரசாங்கம் போடும் சாலை வளர்ச்சித் திட்டமாகிவிடுகிறது.

வேட்பாளர் தம் செலவுக் கணக்கைத் தேர்தல் முடிவு அரசிதழில் வெளியான 31 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் கூட்டரசு அரசியலமைப்பின் 48ஆம் விதிப்படி நாடாளுமன்ற உறுப்பினராகும் தகுதியை ஐந்தாண்டு இழக்க நேரும். தோற்றுவிட்டோமே என்று சோர்ந்து கணக்கைத் தாக்கல் செய்யாமல் விடும் சுயேச்சைகள் இதைக் கவனிப்பது நல்லது. செலவைக் கேட்கும் அளவுக்கு வரவைக் கேட்பதில்லை என்பதுதான் நம் சட்டத்தின் இன்றைய முகம்.

கேள்வி: சென்ற தேர்தலில் ஒரு கட்சியின் கிளைக்குப் பதாகைகள் அச்சிட்டுக் கொடுத்தேன். நாற்காலி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என் கையிலிருந்து 4,000 வெள்ளி கடனாகக் கொடுத்தேன். 'தேர்தல் முடிந்ததும் தருகிறோம்' என்றார்கள். இப்போது கிளைத் தலைவரே மாறிவிட்டார். இது கடனா, நன்கொடையா? கட்சிகள் வாங்கும் கடனையும் அறிவிக்க வேண்டுமா?
— அச்சுக்கடைக்காரர், பெஸ்தாரி ஜெயா

பதில்: உங்கள் பணத்தை முதலில் பார்ப்போம். திருப்பித் தரும் வாக்குறுதியோடு வாங்கியது கடன்தான். தலைவர் மாறியதால் அது நன்கொடையாகிவிடாது. சங்கங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, பதிவு பெற்ற சங்கத்தின்மீது, அது பதிவிலாகாவில் அறிவித்திருக்கும் பொது அதிகாரியின் பெயரில் வழக்குத் தொடுக்கலாம். அப்படி ஒருவரை அறிவிக்காவிட்டால் பொறுப்பாளர் ஒருவரின் பெயரில் தொடுக்கலாம். ஆனால் கிளைத் தலைவர் கட்சிக்காக வாங்கினாரா, தமக்காக வாங்கினாரா என்று எதிர்த்தரப்பு நிச்சயமாகக் கேட்கும். கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தி, பதாகை வடிவத்துக்கு அவர்கள் ஒப்புதல் சொன்ன செய்தி, பொருளை எடுத்துச் சென்றவர் கையெழுத்திட்ட விநியோகச் சீட்டு ஆகியவற்றைத் தேடி எடுத்து வையுங்கள். ஒப்பந்தக் கடனுக்கு ஆறாண்டு காலவரையறை உண்டு. அதைக் கடத்திவிட வேண்டாம். வழக்கறிஞரின் கோரிக்கைக் கடிதம் கிளைக்கு மட்டும் போகாமல் மாநிலத் தொடர்புக்குழுவுக்கும் தலைமையகத்துக்கும் போகட்டும். தொகை சிறியதானாலும் தலைமையகத்துக்கு எழுத்தில் வரும் கடிதத்துக்குத் தனி மரியாதை உண்டு.

இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. கடன் என்பது நன்கொடைக்குப் போடக்கூடிய மிக வசதியான முகமூடி. ஒரு கட்சிக்கு 100,000 வெள்ளியை வட்டியில்லாமல் ஒருவர் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் ஆறு விழுக்காட்டுக்கு அதே தொகையை வாங்கியிருந்தால் ஆண்டுக்கு 6,000 வெள்ளி வட்டி கட்ட வேண்டியிருக்கும். அந்த 6,000 வெள்ளி ஆண்டுதோறும் சத்தமில்லாமல் தரப்படும் நன்கொடை. தவணை முடிந்தும் அவர் கேட்காமல் இருந்தால் முதலும் நன்கொடையாகிறது. கேட்டால் கட்சி திண்டாடும் என்பதால், திரும்பக் கேட்காத ஒவ்வொரு நாளும் கடன் கொடுத்தவரின் கை ஓங்கியிருக்கும். நன்கொடையாளரைவிடக் கடன் கொடுத்தவருக்குக் கட்சிமீது அதிகப் பிடி உண்டு என்பது என் கருத்து.

இதற்குப் பாடமான சம்பவம் பிரிட்டனில் நடந்தது. 2000ஆம் ஆண்டில் வந்த சட்டம் அங்கே நன்கொடைகளைத் தேர்தல் ஆணையத்திடம் அறிவிக்கச் சொன்னது. சந்தை வட்டிக்கு வாங்கும் கடனை மட்டும் விட்டுவிட்டது. 2005 பொதுத்தேர்தலுக்கு முன் கட்சிகள் செல்வந்தர்களிடம் பெரும் தொகைகளைக் கடனாக வாங்கின. அவர்களில் சிலரின் பெயர்கள் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபைக்கு முன்மொழியப்பட்டிருந்தது 2006இல் வெளிவந்தபோது, தொழிற்கட்சியின் பொருளாளரே அக்கடன்களைப் பற்றித் தமக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்றார். காவல் துறை விசாரித்தது. 2007இல் யார்மீதும் குற்றஞ்சாட்டாமல் விசாரணை முடிந்தது. ஆனால் 2006ஆம் ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, கடனும் நன்கொடையைப் போலவே அறிவிக்கப்பட வேண்டியதாயிற்று. 2024 முதல் அங்கே கட்சித் தலைமையகம் 11,180 பவுண்டுக்கு மேற்பட்ட நன்கொடையையும் கடனையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிக்கிறது. கடன் என்றால் கொடுத்தவர் பெயர், வட்டி, திருப்பித் தரும் நாள், அடமானம் ஆகியவையும் அதில் வரும். ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம்.

நம் நாட்டில் கட்சி வாங்கிய கடன், பதிவிலாகாவுக்குப் போகும் ஐந்தொகைக் கணக்கில் ஒரு மொத்தத் தொகையாகத் தோன்றலாம். யாரிடம், என்ன வட்டிக்கு, எந்தத் தவணைக்கு என்பது வெளியாருக்குத் தெரிய வழியில்லை. புதிய சட்டம் வரும்போது நன்கொடையை எழுதிவிட்டுக் கடனை மறந்துவிட்டால், பிரிட்டன் 2000இல் விட்ட ஓட்டையையே நாமும் விடுவோம்.

கேள்வி: என் தாத்தா, காதுத்தோட்டை அடகு வைத்து மைக்கா பங்கு வாங்கினார் என்று பாட்டி சொல்வார். அது கட்சிக்குத் தந்த நன்கொடையா?
— கல்லூரி மாணவி, தோட்ட முகவரி

பதில்: இல்லை. 1982இல் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸ் ஒரு நிறுவனம். உங்கள் தாத்தா அதன் பங்குதாரர். மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைமை கேட்டதால்தான் பலர் வாங்கினார்கள். பால்மரம் சீவியவர்கள் உட்படப் பல்லாயிரம் பேரிடமிருந்து 10 கோடி வெள்ளிக்கு மேல் திரண்டது. கட்சியின் மீதிருந்த நம்பிக்கையும் நிறுவனத்தின் கணக்கும் மக்கள் மனத்தில் ஒன்றாகிவிட்டன. டெலிகோம் பங்கு ஒதுக்கீட்டில் பெரும்பகுதி மைக்காவுக்கு வராமல் வேறு நிறுவனங்களுக்குப் போனதாக எழுந்த சர்ச்சை அந்த நம்பிக்கையைக் குலைத்தது. 2010இல் பங்கு ஒன்றுக்கு 80 சென் வீதம் வாங்கிக்கொள்ள முன்வந்த நிறுவனத்திடம் பலர் விற்றுவிட்டார்கள். பாட்டியிடம் பங்குச் சான்றிதழ் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கோயிலுக்கு மானியம் தரும்போது பெரிய மாதிரிக் காசோலையில் கட்சிச் சின்னம் இருக்கிறது. கட்சிப் பணமா அது?
— வாசகி, பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: பெரும்பாலும் அரசாங்க ஒதுக்கீடு. படத்துக்கு நிற்கும் அட்டையைப் பார்க்காமல், கோயில் கணக்கில் வந்த பணத்தை யார் அனுப்பியிருக்கிறார் என்று வங்கி அறிக்கையில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புதிதாகக் கிளைச் செயலாளராகியிருக்கிறேன். வாய்க்கால் வேலை எடுக்கும் குத்தகையாளர் ஒருவர் 'தீபாவளி நிகழ்ச்சிக்கு' என்று ஓர் உறையைத் தந்துவிட்டுப் போனார். எங்கள் தலைவர் நகராண்மைக் கழக உறுப்பினராகவும் இருக்கிறார். என்ன செய்வது?
— பெயர் வேண்டாம்

பதில்: உறையைப் பிரித்து எண்ணும்போது இன்னொரு பொறுப்பாளரும் உடனிருக்கட்டும். கட்சியின் ரசீதுப் புத்தகத்தில் அவர் பெயருக்கே ரசீது எழுதிக் கொடுங்கள். 'நலம் விரும்பி' என்று எழுத வேண்டாம். பணத்தைக் கிளையின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, அடுத்த செயலவைக் கூட்டக் குறிப்பில் தொகையையும் பெயரையும் பதியுங்கள். ரசீது வேண்டாம் என்று அவர் சொன்னால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே மேல். கொடுக்கும்போதோ பிறகோ வாய்க்கால் குத்தகையைப் பற்றி ஒரு வார்த்தை வந்துவிட்டால் கதை வேறாகிவிடும். லஞ்சமாகத் தரப்பட்டதையோ தர முன்வந்ததையோ, பெற்றவர் அறிவிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. தகுந்த காரணமின்றி அறிவிக்காமல் விட்டால் 100,000 வெள்ளி வரை அபராதமோ பத்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அருகிலுள்ள ஆணைய அதிகாரியிடமோ காவல் நிலையத்திலோ புகார் செய்யலாம். தலைவரிடம் சொல்லிவிட்டதாலேயே உங்கள் கடமை தீர்ந்துவிடாது. புகாரின் நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.